உப்பில்லாச் சுண்ணாம்பு

சுவருக்கு முன்னால் இசாபெக் வாய் திறக்காமல் நின்று பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. காரில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த சய்கால் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என்னண்ணே, சுவர் வாக்குமூலம் குடுத்துருச்சா? இல்ல, வக்கீல் வந்தாத்தான் பேசுவேங்குதா?"

அவர் திரும்பவில்லை. துப்பறியும் அலுவலகம் என்று தலைநகர் பிஷ்கெக்கில் அவர் ஒரு அறையைத் திறந்த நாளிலிருந்து, நான்கு வருடமாக அவள் அவரிடம் வேலை பார்க்கிறாள். அவருடைய மௌனங்களை அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும். கோபத்தில் வரும் மௌனத்தில் தாடை இறுகும். பசியில் வருவது சீக்கிரம் முடிந்துவிடும். இது ஒன்றும் பிடிபடாதபோது வரும் மௌனம். இதற்கு முடிவே கிடையாது.

படம் என்னவோ யாருக்கும் புரிவதுதான். தெமிர்-சாய் நகரத்து மேயர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி. கழுத்துவரை போர்வை, அதன் மேல் இன்னொன்று, அதன் மேலும் ஒன்று. கான்கிரீட் சுவரின் பதின்மூன்று பாளங்களில் முக்கால்வாசியை அந்தப் போர்வைக் குவியலே அடைத்திருந்தது. அடியில், போர்வை எட்டாத இடத்தில், வெறும் பாதங்கள். பெரியவர்களுடையது, குழந்தைகளுடையது. எல்லாம் நீலம் பாரித்தவை.

இந்தச் சுவருக்குப் பின்னால்தான் ஊருக்கெல்லாம் குழாயில் சூடு அனுப்பும் கொதிகலன் நிலையம் இருக்கிறது. ஜனவரியில் அது பதினொரு நாள் நின்றுபோனது. வெளியே மைனஸ் இருபத்துநாலு. கொதிகலன் புதிது, வாங்கி இரண்டு குளிர்காலம்கூட ஆகவில்லை. யாருடைய மைத்துனர் மூலம் வாங்கியது என்பது ரொட்டிக் கடை வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் நாள் மேயர் தொலைக்காட்சியில் வந்தார். வீட்டில் போர்வை இல்லாத கிர்கிஸ் குடும்பம் எங்கே இருக்கிறது, நாலு எடுத்துப் போர்த்திக்கொண்டு படுங்கள் என்றார்.

அந்தப் போர்வைகள்தான் சுவரில் இருந்தன. ஆனால் போன சனிக்கிழமை சாயங்காலம் இதே சுவரில் இருந்தவை பனிமலைகள். ஏப்ரலில் ஊரே கூடிச் சுத்தம் செய்யும் நாள் அது. அலுவலகத்துக்கு ஒரு பாளம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். கோடு போட்டுக் கொடுத்தவர் பள்ளிக்கூடத்து ஓவிய ஆசிரியர் உலார்பெக். மேயரும் வந்து ஒரு பாளத்தில் தூரிகையைப் பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை மழை பெய்தது. புதன்கிழமை விடிந்தபோது மலைமேல் பனியைக் காணவில்லை. பனிக்கு அடியிலிருந்து மேயர் வந்துவிட்டார்.

காலை எட்டரைக்கு உலார்பெக்கை வகுப்பறையிலிருந்தே கூட்டிப் போனார்கள்.

அவருடைய மனைவி ஜிபெக் அன்று மதியமே பிஷ்கெக்குக்கு வந்து இசாபெக்கின் எதிரில் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நீதிபதி முடிவு சொல்வார். காவலில் வைக்கச் சொன்னால் தலைநகரத்துச் சிறைக்குக் கொண்டுபோவார்கள். உலார்பெக்குக்குக் காசநோய் இருந்து, ஒன்றரை வருடம் மாத்திரை தின்று குணமாகியிருந்தது. ஒரு நுரையீரல்தான் உருப்படி. ஜனவரிக் குளிரில் அதற்கும் சளி கட்டி, மருத்துவர் இன்னொரு குளிரை இது தாங்காது என்று எழுதியே கொடுத்துவிட்டார்.

"அந்தச் செல்லுல முப்பது பேரு ஒரே காத்துல இருமுவாங்க. அவரு நிரபராதின்னு நீங்க நிரூபிக்க வேணாம்ணே. வீட்டுக்கு வந்தாப் போதும்," என்றாள்.

இன்று வியாழன்.

சய்கால் அவரை இழுத்துப் போவதற்காகச் சுவரோரம் வந்தாள். ஓரத்தில் மிச்சமிருந்த வெள்ளையில் தோள் உரசியது. கறுப்பு ஜாக்கெட் பாதி வெளுத்துவிட்டது. வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது என்று முனகிக்கொண்டே எதிரிலிருந்த பாப்ளார் மரத்தில் மறு தோளைச் சாய்த்து நின்று தட்டத் தொடங்கினாள். அந்த மரத்துக்கும் இடுப்பளவு வெள்ளையடித்திருந்தார்கள்.

இசாபெக் முதல்முறையாக அசைந்தார். மரத்திடம் போய், அவள் சாய்ந்திருந்த தோளைத் திருப்பிப் பார்த்தார். கறுப்பாகவே இருந்தது. மரத்தில் உள்ளங்கையைத் தேய்த்தார், ஒட்டவில்லை. சுவரில் தேய்த்தார். கை முழுக்க மாவு.

"மரத்துக்கும் அதே சனிக்கிழமைதான அடிச்சாங்க?"

"அதே நாள், அதே சுண்ணாம்பு, அதே மழை. ஏண்ணே?"

"உங்க வீட்ல வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்புல என்ன போடுவீங்க?"

"உப்பு. வாளிக்கு ரெண்டு கை. போடாம விட்டா, பொண்ணு பாக்க வந்தவங்க முதுகோட கல்யாணமும் வெளுத்துரும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கொறிப்பதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள். அவர் அதற்குள் ஏழாவது பாளத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். மேயரின் வயிறு இருக்க வேண்டிய இடம். அங்கே மட்டும் போர்வை தெரியவில்லை. சனிக்கிழமை அடித்த பனி அப்படியே இருந்தது.

"இங்க மட்டும் ஏன் உருகலை?"

"கொழுப்பு ஜாஸ்திண்ணே, அந்த ஏரியாவுல."

*

தபால் நிலையத்துக்கு மூன்றாவது பாளம். தபால் அதிகாரி அம்மாள் முத்திரை குத்துவதை நிறுத்தாமலே, உப்பா, ஐயோ மறந்தே போச்சு என்றார். மருத்துவமனைக்கு ஐந்தாவது. அதற்கு வெள்ளையடித்த இளம் நர்ஸ் ஊசியை உயர்த்திப் பிடித்துக் காற்றை வெளியேற்றியபடியே மறந்துவிட்டதாகச் சொன்னாள். இருவரும் கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னார்கள்.

வாளிகளைக் கொடுத்து வாங்கியது நகராட்சிக் கிடங்கு. பொறுப்பாளர் ராக்கியா, அறுபதை நெருங்கியவர், ஆரஞ்சு வேலைச் சட்டை, முன்வரிசையில் நான்கு தங்கப் பற்கள். சுண்ணாம்பு எல்லாம் ஒரே குழியில் நீற்றியதுதான், மரத்துக்கு மட்டும் தனி வாளி, அதற்குமேல் தனக்கு ஒன்றும் தெரியாது என்று போலீசிடம் சொன்னதையே இவர்களிடமும் சொன்னார். சொல்லிக்கொண்டே தேநீரும் ஊற்றினார்.

இசாபெக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரோரம் பதின்மூன்று வாளிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கைப்பிடியிலும் சணலால் கட்டிய சின்னத் துணிப்பை. ஒன்றில் மட்டும் வெறும் சணல் தொங்கியது. எழுந்து போய் ஒரு பையை அமுக்கிப் பார்த்தார். கல் உப்பு நறநறத்தது. முடிச்சின் மேல் தெறித்த சுண்ணாம்பு விரிசல்கூட விடாமல் காய்ந்திருந்தது. அதை யாரும் அவிழ்க்கவே இல்லை. பையோடு ஒரு அட்டை. அழகான கையெழுத்தில், வாளிக்கு இரண்டு கை உப்பு, மறக்க வேண்டாம்.

எழுதியது யார் என்று கேட்டார். ஆசிரியர்தான், வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கட்டினார் என்றார் ராக்கியா. சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போலக் கெட்டிலை நகர்த்தி வைத்தார்.

"அப்புறம் ஏன்க்கா யாரும் போடலை?"

"மறந்துட்டாங்க."

"பன்னெண்டு வாளிக்காரங்களுமா?"

"வயசாகுது தம்பி."

"ஆஸ்பத்திரிப் பொண்ணுக்கு இருபத்திரெண்டு வயசுதான் இருக்கும்."

"அவளுக்கும் மறதிதான். பாவம்."

சய்கால் தேநீரைப் பார்த்துக்கொண்டே, இந்த ஊர்த் தண்ணீரை ஒரு பாட்டில் பிடித்துப் போக வேண்டும், தனக்குக் கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் ஊற்ற வேண்டும் என்றாள். ராக்கியா தங்கப் பல் தெரியச் சிரித்தார். வெறும் சணல் தொங்கிய வாளி யாருடையது என்று இசாபெக் கேட்டபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. தீயணைப்பு நிலையம், ஏழாவது பாளம் என்றார். அவர்கள் வெளியேறும்போது வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தம்பி, மறந்தது மறந்ததாவே இருக்கட்டுமே."

இசாபெக் தலையசைத்தார். காதில் விழுந்ததா என்று சய்காலுக்குச் சந்தேகமாக இருந்தது.

*

தீயணைப்பு நிலையத்தில் ஏழு பேர். எல்லோரும் ஆண்கள். பேச்சை எடுத்ததுமே அவர்களுடைய தலைவருக்கு முகம் கறுத்தது. அட்டையில் போட்டிருந்தது, போட்டார்கள், அது ஒரு குற்றமா? புதன்கிழமையிலிருந்து ஊர் தங்களை மனிதர்களாகவே மதிக்கவில்லை என்றார். ரொட்டிக் கடைக்காரி, உப்புப் போட்டது வேண்டுமா போடாதது வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் ரொட்டியை எடுத்துத் தருகிறாளாம். சொந்த மனைவி இரண்டு நாளாகச் சூப்பில் உப்புப் போடவில்லை.

நிலையத்துக்குப் பக்கத்தில் புகை பார்க்கும் பழைய கோபுரம் இருந்தது. சய்கால் அனுமதி கேட்காமலே ஏறிவிட்டு மேலிருந்து கூப்பிட்டாள். இசாபெக் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். மேலிருந்து பார்த்தால் கொதிகலன் நிலையத்துச் சுவர் முழுக்க ஒரே பார்வையில் விழுந்தது. கீழே கிட்டத்தில் நின்றபோது சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தவை இங்கிருந்து முக்கோணங்களாகத் தெரிந்தன. கான்கிரீட்டில் அச்சாகவே வந்திருந்த சாய்சதுரங்களை ஆசிரியர் இரண்டிரண்டாக வெட்டி, வண்ணத்துக்கு ஒரு எண் போட்டுக் கொடுத்திருந்தார். மிச்சம் கிடக்கும் பழைய பெயிண்டைத் தீர்த்துவிடலாம், முதலில் இதை அடிவண்ணமாக அடியுங்கள், பிறகு மேலே பனி அடிக்கலாம் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

"அண்ணே, நீங்க ஊசி நூல் பிடிச்சதுண்டா?"

"பட்டன் தைப்பேன்."

"அதான் தெரியலை. இது குராக். துண்டுத் துணிய முக்கோணமா வெட்டி, சேத்துச் சேத்துத் தைக்கறது. இந்த நாட்டுல பத்து வயசுக்குள்ள இதைத் தைக்காத பொண்ணு கிடையாது. எங்கம்மா என் கல்யாணத்துக்குன்னு தைச்சு எட்டுப் போர்வை அடுக்கியாச்சு. மாப்பிள்ளையத்தான் இன்னும் யாரும் தைச்சுக் குடுக்கலை." சுவரைக் காட்டினாள். "மூணு முக்கோணம் அடிக்கறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சிருக்கும், அடிவண்ணம் இல்ல, போர்வைன்னு. அதுவும் இந்த வருஷம், இந்தச் சுவத்துல. யாரு போர்வைன்னும் தெரிஞ்சிருக்கும்."

"அப்ப பன்னெண்டு இடத்துலயும் பொண்ணுங்க கூடிப் பேசி..."

"எதுக்குப் பேசணும்? நான் நின்னிருந்தா நானும் தன்னால மறந்திருப்பேன்."

கோபுரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இசாபெக் முதல் பாளத்திலிருந்து கடைசிவரை பார்த்தார். ஒவ்வொன்றாக இடத்தில் போய் உட்கார்ந்தது. உலார்பெக் அந்தப் படத்தை யாருக்கும் காட்டுவதற்காக வரையவில்லை. தன் மனதிலிருந்ததைச் சுவரில் எழுதி, அது வெளியே வராதபடி உப்புப் போட்ட சுண்ணாம்பால் மூடிவிட நினைத்த மனிதர். முடிச்சுப் போட்டு, அட்டை எழுதி, மறக்க வேண்டாம் என்று கெஞ்சியவர். சொல்லாமலும் இருக்க முடியவில்லை, சொன்னது யார் காதிலும் விழுந்துவிடவும் கூடாது. அந்த மாதிரித் தைரியத்தை இசாபெக்குக்குத் தெரியும். போலீஸ் வேலையில் இருபது வருடம் அவரிடம் இருந்ததும் அதே அளவுதான். மூடியதைத் திறந்தவர்கள் பன்னிரண்டு வாளிக்காரிகள். அவர்களும் எதுவும் செய்யவில்லை. ஒன்றைச் செய்யாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

யார் மீது வழக்குப் போடுவார்கள்? இரண்டாவது பாளம், மேயரின் முகம், போலீஸ் நிலையத்துக்கு ஒதுக்கியது. தட்டச்சுப் பெண்கள் அடித்தது. பாதங்கள் இருந்த பன்னிரண்டாவது பாளத்தில் ஆற்று நுரை என்று வெள்ளையடித்தவர் மேயரே. வாளியைக் கலந்து கொடுத்தவர் அவருடைய சொந்தச் செயலாளர் அம்மாள். நகரப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் புகைப்படம் இருக்கிறது. இதை எடுத்துப் போய் மேசையில் வைத்தால், சிரித்துவிட்டு வழக்கை மூடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி கிடையாது.

"சிரிக்கறீங்களா அண்ணே? உங்களுக்குப் பல்லு இருக்கறதே இப்பத்தான் தெரியுது," என்றாள் சய்கால். பிறகு ஏதோ யோசித்தாள். கிடங்கு அக்கா வாசலில் வந்து சொன்னதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாமே என்று ஆரம்பித்தாள். அவர் பாதிப் படி இறங்கியிருந்தார்.

*

விசாரணை அதிகாரி ஜெனிஷ் ஒரு காலத்தில் இசாபெக்கின் கீழ் வேலை பார்த்தவன். எழுந்து நின்று இரண்டு கையாலும் கையைப் பிடித்துக் குலுக்கினான். சய்காலை வெளியே உட்காரச் சொன்னார்கள். அறையின் மூலையில் கேமரா இருந்தது.

"சும்மா பேசுவோம்ணே. இது வேணாமே," என்றான் ஜெனிஷ், கேமராவைக் கண்ணால் காட்டி.

இசாபெக்குக்கு அந்தப் பேச்சு நன்றாகத் தெரியும். பதிவில் இல்லாத சொல்லுக்கு என்ன கதி ஆகும் என்பதும் தெரியும். அவரே அப்படிப் பல சொற்களைக் காற்றில் விட்டவர்.

"போடு. தேதி, நேரம் சொல்லி முறையா ஆரம்பி."

ஜெனிஷ் அவரை ஒரு கணம் பார்த்தான். பிறகு பொத்தானை அழுத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

இசாபெக் இருபது நிமிடம் பேசினார். மாதக் கணக்கில் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசியது போல இருந்தது. மரத்தில் ஒட்டிய வெள்ளை சுவரில் ஒட்டாதது, கட்டிய முடிச்சு கட்டியபடி இருப்பது, ஆண்கள் மட்டும் அடித்த பாளத்தில் பனி நின்றது, குராக், பன்னிரண்டு அலுவலகங்களின் பெயர் வரிசை. கடைசியில் பத்திரிகையை மேசைமேல் விரித்து, மேயரின் கையிலிருந்த தூரிகைமேல் விரலை வைத்தார். ஆசிரியரைக் குற்றவாளி என்றால் இவர்கள் எல்லோரையும் சொல்ல வேண்டும், இந்த நிலையத்துத் தட்டச்சுப் பெண்களையும் சேர்த்து, என்று முடித்தார்.

ஜெனிஷ் சிரிக்கவில்லை. கேமராவை அணைத்தான். நாற்காலியில் பின்னால் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"நாளைக்குக் காலைல அவரை வீட்டுக்கு அனுப்பறதா இருந்துச்சுண்ணே."

இசாபெக் பத்திரிகைமேல் வைத்திருந்த விரலை எடுத்தார்.

"டாக்டர் எழுதினதை நானே கொண்டுபோய் நீதிபதிகிட்டக் காட்டினேன். அபராதம், ஒரு எச்சரிக்கை, சுவத்தை அவரே திரும்ப அடிச்சுத் தரணும். மேயர் ஆபீஸ்லயும் சரின்னுட்டாங்க. கிறுக்குப் பிடிச்ச வாத்தியார் ஒருத்தன், அவ்வளவுதான்னு முடிச்சுக்கறது அவங்களுக்கும் நல்லதா இருந்துச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"கேமராவைப் போட வேணாம்னு சொன்னேனே."

வெளியே யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

அழித்துவிட முடியுமா என்று இசாபெக் கேட்கவில்லை. பொத்தானை அழுத்திய மறு நொடியிலிருந்தே பதிவு பிஷ்கெக் தலைமைப் போலீஸ் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்த ஏற்பாட்டைக் கொண்டுவரச் சொல்லி மனுப் போட்ட அதிகாரிகளில் அவரும் ஒருவர். தான் சொன்னது ஊகம், சாட்சியமல்ல, என்று எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். வாளிகள் எங்கே இருக்கின்றன என்றே சொல்லிவிட்டீர்களே என்றான் ஜெனிஷ். எடுத்து வராமல் இருந்தால் நாளை தன்னைக் கேட்பார்கள்.

"யாரும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலைடா. அதான் இதுல விஷயமே."

"பேசாமலே பன்னெண்டு இடத்துல ஒரே மாதிரி நடந்துச்சுன்னா அவங்களுக்கு இன்னும் பயமா இருக்கும்ணே. நேத்துவரைக்கும் இது போக்கிரித்தனம். இப்ப இது கூட்டுச் சதி."

"அப்ப பன்னெண்டு ஆபீஸையும் உள்ள வையுங்க."

"முடியாதுன்னு உங்களுக்கே தெரியும். பொம்பளைங்களுக்கு ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடுதாசி போகும். ஆனா கூட்டம்னு ஆயிட்டா, அதுக்குத் தலைவன்னு ஒருத்தன் வேணும்." ஜெனிஷ் பத்திரிகையை மடித்து அவரிடமே நீட்டினான். "கைல இருக்கறது அவரு ஒருத்தருதான்."

வாசலில் ஜிபெக் காத்திருந்தாள். பக்கத்தில் சய்கால், ஏதோ சொல்லி அவளைச் சிரிக்க வைத்திருந்தாள். இசாபெக் எதையும் மறைக்காமல் நின்றபடியே சொன்னார். தான் செய்தது என்ன, அதனால் நடக்கப்போவது என்ன, இரண்டையும். ஜிபெக் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவருக்கு நின்றுகொள்ள ஒரு இடம் கிடைத்திருக்கும்.

"அங்க ரெண்டு ஸ்வெட்டர் விடுவாங்களா, மூணா?" என்று கேட்டாள்.

இரண்டுதான் விடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். சொன்னார்.

*

வெள்ளிக்கிழமை நீதிமன்றம் பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. இரண்டு மாதக் காவல், பிஷ்கெக்கில். மருத்துவரின் தாளை நீதிபதி படித்தார். படித்துவிட்டு மற்ற தாள்களுக்கு அடியில் வைத்தார்.

தெருவின் எதிர்ப்பக்கத்தில் பெண்கள் நின்றார்கள். தபால் அம்மாள், நர்ஸ், போலீஸ் நிலையத்துத் தட்டச்சுப் பெண்கள், மேயரின் செயலாளர். கையில் பலகை இல்லை, யாரும் குரல் எழுப்பவில்லை. பாதிப்பேர் கையில் காய்கறிப் பை இருந்தது, கடைக்குப் போகிற வழியில் நின்றதாகச் சொல்லிக்கொள்ளலாம். ராக்கியா இசாபெக் இருந்த பக்கம் திரும்பவில்லை. அவர்களில் யாரிடமாவது போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தெருவைக் கடக்க முடியவில்லை.

பின்கதவு வழியாக உலார்பெக்கைக் கூட்டி வந்தார்கள். ஒல்லியான உடம்பு, மூக்குக் கண்ணாடி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர். ஜிபெக் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டிக்குப் பக்கத்தில் ஜெனிஷ் நின்று சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். அந்தச் சிகரெட் முடியும்வரை நேரம் இருந்தது.

இசாபெக் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். உலார்பெக் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. அவர் கண் தெருவின் எதிர்ப்பக்கத்தில் இருந்தது.

"உப்பு போடவே இல்லையாமே அவங்க," என்றார் மெல்ல. "பன்னெண்டு பேருமா?"

"பன்னெண்டு பேரும்."

உலார்பெக் எதிர்ப்பக்கத்துப் பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு இசாபெக்கைப் பார்த்தார்.

"நான் புதன்கிழமை கால்வாய்ப் பக்கமா ஸ்கூலுக்குப் போயிட்டேன்ணே. அங்கிருந்து நேரா இங்க. நான் பாக்கவே இல்லை. எப்படி இருந்துச்சு?"

நேற்று மாலையே அந்தச் சுவருக்குச் சாம்பல் வண்ணம் அடித்தாகிவிட்டது. இனி யார் பார்த்தாலும் சாம்பல்தான். வாழ்நாள் முழுக்கப் பேசாமல் இருப்பதற்குக் காரணம் தேடியவர் இசாபெக். இப்போது ஜெனிஷின் சிகரெட் பாதியாகிவிட்டது. அவர் வேகமாகச் சொல்லத் தொடங்கினார். கோபுரத்திலிருந்து பார்த்தால் முக்கோணங்கள் எப்படிச் சேர்ந்தன என்று சொன்னார். வயிற்றில் மட்டும் பனி நின்றதையும், தீயணைப்புக்காரர்களிடம் ரொட்டிக் கடைக்காரி கேட்ட கேள்வியையும் சொன்னார். குழந்தைப் பாதங்களுக்கு முன்னால் ஊர்ப் பெண்கள் வந்து நின்றுவிட்டு, ஒன்றும் பேசாமல் போனதைச் சொன்னார். உலார்பெக் தலையைச் சாய்த்து, தாள் எடுத்து எழுதிக்கொள்ளாத குறையாகக் கேட்டார்.

"மூக்கு?" என்றார். "மூக்குதான் எனக்குச் சந்தேகமா இருந்துச்சு."

"மூக்கு ரொம்ப நல்லா வந்திருந்துச்சு."

உலார்பெக் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஜிபெக் பிடித்திருந்த மறு கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். ஜெனிஷ் சிகரெட்டை மிதித்து அணைத்தான். அவரை ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். வண்டி தெருமுனை திரும்பும்வரை தகரத்துக்கு உள்ளிருந்து அந்த இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது.